ஒரு நாத்திகருக்கு அரை ஏக்கர்

சுங்கை மெராந்தியில் முருகப் பெருமான் இருக்கிறாரா இல்லையா என்று அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. தைப்பூசத்துக்கு எத்தனை காவடி என்பதுதான் அங்கே கவலை. கோத்தா திங்கியிலிருந்து ஆற்றோடு படகில் மேலே போனால் வருகிற ஊர் அது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், நடுவில் ஒரு கடைவீதி, ஒரு நில ஆபீஸ், ஒரு கோயில். இப்படிப்பட்ட ஊருக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? பக்கத்து ஊரைவிட ஒரு காவடியாவது கூடுதலாக எடுத்துவிட வேண்டும். ஊர் மானம் அந்த ஒற்றைக் காவடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மானத்தைக் காப்பதற்கென்றே ஆலய பரிபாலன சபை, ஐப்பசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேண்டுதல் கூட்டம் என்று ஒன்றை நடத்திவந்தது. ஊர் ஆண்கள் எல்லாரும் கோயில் மண்டபத்தில் வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து, இந்த வருஷம் முருகனிடம் தனக்கு என்ன வேண்டுதல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முருகன் காதில் விழுந்ததோ என்னவோ, செயலாளர் சதாசிவம் காதில் கட்டாயம் விழும். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர்தான். காவடிக்கு வேண்டிய மஞ்சள் துணி ஊரில் வேறு எங்கும் கிடைக்காது. ஆகவே பிறர் பக்தியில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன 1932ஆம் வருஷம் அது. வேண்டுதலுக்கா பஞ்சம்? வேலை போனவன், போகப்போகிறவன், பெண்டாட்டி பிள்ளையை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டு ஒற்றையாய் நிற்பவன் என்று எழுந்தவனெல்லாம் காவடி நேர்ந்துகொண்டான். சதாசிவம் முகம் பூரித்துக்கொண்டே போனது. அர்ச்சுனன் முறை வந்தது.

அர்ச்சுனன் ரோட்டில் கல் பரப்புகிற கூலி. ஐம்பதை நெருங்கியவன். பிள்ளைகள் கிடையாது. மனைவி பேச்சியம்மாளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தபோது, அவள் பிழைக்க வேண்டும் என்று மூன்று வருஷம் விடாமல் காவடி எடுத்தான். நான்காம் வருஷத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"என்னப்பா அர்ச்சுனா, இந்த வருஷம் என்ன வேண்டுதல்?" என்றார் சதாசிவம்.

"ஒன்னுமில்லீங்க."

"அது எப்படிப்பா ஒன்னுமில்லாமப் போகும்? போன வருஷம் பேச்சியம்மா உடம்புக்காக எடுத்த. இந்த வருஷம் அவ ஆத்மாவுக்காக எடு."

"எடுக்கலாங்க. ஆனா அங்க யாரும் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல."

கடைக்குப் போனேன், ஆள் இல்லை, திரும்பிவிட்டேன் என்பதுபோலத்தான் அவன் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்தும்விட்டான். மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சபை அவசரக் கூட்டம் கூட்டியது.

சபைத் தலைவர் சோமசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர். நில ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வெயிலானாலும் கோட்டு, மழையில்லாவிட்டாலும் குடை. எந்த விஷயத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உபசபை வைத்துவிட்டால் அது தானாகவே செத்துவிடும் என்பது அவருடைய ஆபீஸ் அனுபவம். அர்ச்சுனன் விஷயத்தையும் அப்படியே பிரித்தார். முதல் கேள்வி, இந்த நாத்திகம் ஊருக்குள் எங்கிருந்து வந்தது? இரண்டாவது, நாத்திகம் ஒரு நம்பிக்கையா, இல்லையா?

முதல் கேள்விக்கு அர்ச்சுனனையே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"உமக்கு இது எங்கையிருந்து வந்தது, சொல்லும்" என்றார் தலைவர். "சிங்கப்பூர்ப் பத்திரிகை ஏதும் வாசிக்கிறனீரோ?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"ஆராவது வாசிச்சுக் காட்டினவையோ?"

"இல்லீங்க."

"பிரசங்கம் ஏதும் கேட்டனீரோ?"

"இந்தக் கோயில்ல நீங்க பேசுறதுதாங்க கேட்டிருக்கேன்."

தலைவர் இருமினார். சதாசிவம் அவசரமாகக் குறுக்கிட்டு, "சீனன் கடையில தெனம் காப்பி குடிக்கிறானே, அங்க ஒட்டியிருக்குமோ?" என்றார். சீனன் கடையில் வாசலுக்கு ஒரு சாமியும் உள்ளே மூன்று சாமியும் இருந்ததால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

"அப்ப எப்பிடித்தான் வந்தது?"

அர்ச்சுனன் சற்று யோசித்தான். இதுவரை அவனிடம் யாரும் எதையும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அதனால் உள்ளதைச் சொன்னான்.

"அவ படுத்துக் கெடந்தப்ப கேட்டேங்க. பதில் வரல. போனதுக்கு அப்புறமும் கேட்டேன். பதில் வரல. மொதல்ல ரொம்பக் கோவமா வந்துச்சு. அப்புறம் பாத்தா, கோவிச்சுக்கவும் அங்க ஆளில்லன்னு தோணிப்போச்சு. கோவமும் போயிருச்சுங்க. அதுதான் கஷ்டமா இருக்கு."

இதைக் கேட்டு ஒருவராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் தோளைத் தொட்டிருந்தாலும் போதும். ஆனால் சபை நடவடிக்கையில் அதற்கு இடமில்லை. காரணம் தெரியாத எதுவும் வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அவனை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் அனுப்பினார்கள். டிரஸர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். அந்த ஊரில் மண்ணீரல் வீங்காதவன் யார்? கொசுவும் காய்ச்சலும் இல்லாத வீடு எது? ஆனாலும் நாத்திகம் மண்ணீரலில் தொடங்குவதாகச் சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அர்ச்சுனன் நாள்தோறும் கொயினா மாத்திரை விழுங்க வேண்டும் என்று தீர்மானம். அவனும் விழுங்கினான். காதில் ரீங்காரம் கேட்டது. வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் வில்லங்கம். அதில் அர்ச்சுனனின் உயிரே இருந்தது.

பேச்சியம்மாளை ஆற்றங்கரை இந்து இடுகாட்டில் கடைசி வரிசையில், கடைசி இடத்தில் புதைத்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பக்கம் காடு. காட்டோரமாக, அவளை ஒட்டி ஓர் ஆள் படுக்கிற இடத்தை அர்ச்சுனன் மண்வெட்டியால் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தான். அது தனக்கு. சபையும் சரி என்று சொல்லியிருந்தது. ஞாயிறு மாலை அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, வாரம் முழுவதும் நடந்ததை அவளிடம் சொல்லுவான். கூலிகள் குடியிருக்கிற லயத்தில் அவனைச் சுற்றி ஆட்கள் இல்லாமலில்லை. சமைக்கிற சத்தம், பிள்ளைகள் அழுகிற சத்தம், சீட்டாடுகிற சத்தம் எல்லாம் இருந்தன. ஆனால் ரோட்டில் நடந்த ஒரு சின்ன வேடிக்கையைச் சொன்னால், முடிவதற்குள் சிரிக்கத் தொடங்குகிற ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவள் மண்ணுக்குள் இருந்தாள். அவனுக்குத் தாங்க முடியாத தனிமை.

சபையின் சட்டமோ தெளிவானது. இந்து இடுகாட்டில் இந்துக்களுக்கு மட்டுமே இடம். உயிரோடு வந்தாலும் சரி, உயிரில்லாமல் வந்தாலும் சரி. நாத்திகம் நம்பிக்கை இல்லையென்றால், அர்ச்சுனன் வெறும் சோம்பேறி இந்து. காவடி எடுத்தாக வேண்டும். நாத்திகமும் ஒரு நம்பிக்கைதான் என்றால், அவன் வேற்று மதத்தான். இடுகாட்டுக்குள் காலே வைக்கக் கூடாது.

இதைப் பற்றித் தலைவர் சோமசேகரம் ஆற்றிய உரையை ஊரில் வெகுகாலம் புகழ்ந்தார்கள்.

"சபையோரே! நான் பல வருஷமாய் இந்தக் கோயிலின் தலைவர். கடவுள் உண்டோ இல்லையோ எண்டு யோசிக்க இந்த வருஷங்களில் எனக்கு ஒரு நிமிஷமும் நேரம் கிடைத்ததில்லை. அவ்வளவு திருப்பணி! ஆனால் இந்த மனிதர் கடவுளைப் பற்றி ராப்பகலாய் யோசிக்கிறார். எங்களில் ஆர் அப்படி யோசிக்கிறம்? ஒருவரும் இல்லை. ஆகவே கடவுளைப் பற்றி ஓயாமல் யோசிப்பது எங்கள் சமயமாய் இருக்க முடியாது. அது வேறை ஒரு சமயமாய்த்தான் இருக்க வேணும்!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. குருக்களிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். "நேக்கு அபிஷேகத்துக்கு நாழியாறது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். ஊரில் தெளிவாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

சதாசிவம் மட்டும் விடவில்லை. ஒரு காவடி குறைந்தால் பக்கத்து ஊருக்கும் நமக்கும் சமமாகிவிடுமே! "தலைவரே, அவன் இடுகாட்டுல உக்காந்து செத்த பொண்டாட்டிகிட்ட பேசறான்னு ஊரே சொல்லுது. செத்தவங்ககிட்டப் பேசுறவன் எப்படிங்க நாத்திகன்?" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

சபை திகைத்தது. அவன் பேசுவது பேச்சா, பிரார்த்தனையா? நேரில் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை தலைவரும் செயலாளரும் இடுகாட்டுக்கு எழுந்தருளினார்கள். மழை தூறியது. ஒரே குடைக்கீழ் இருவரும் நின்றார்கள்.

"நீர் எங்களைப் பாராமல் பேசும். நாங்கள் இல்லாத மாதிரி நினைச்சுக்கொள்ளும்" என்றார் தலைவர்.

அர்ச்சுனன் பேச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். அந்த வாரம் ரோடு உருளை சேற்றில் புதைந்து, துரை தொப்பியோடு சகதியில் விழுந்த கதையை அவளிடம் சொல்ல வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்தே பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பின்னால் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சதாசிவம் தும்மினார். வார்த்தை வரவில்லை.

"ம், தொடங்கும்" என்றார் தலைவர்.

"வரலீங்க."

"அவவின்ரை பேரைச் சொல்லித் தொடங்கும்."

அர்ச்சுனன் பேரைச் சொல்லவில்லை. கிராணி உத்தரவு போட்டுச் சொல்கிற பேரா அது? அவன் தலையைக் குனிந்துகொண்டு மழையில் நனைந்தான். இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டு இருவரும் போனார்கள். பேச்சு நிகழவில்லை; ஆகவே பிரார்த்தனையும் நிகழவில்லை என்று தலைவர் அறிவித்தார். அடுத்த ஞாயிறும் அவன் போய் உட்கார்ந்தான். அப்போது யாரும் கூட இல்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் குடை நிற்பதுபோலவே இருந்தது. துரை விழுந்த கதையைச் சொல்லாமலே எழுந்து வந்தான்.

இதற்குள் தலைவருக்கு ஆபீஸ் மேஜையில் ஞானோதயம் உண்டாகியிருந்தது. எந்தச் சமயத்தார் விண்ணப்பித்தாலும் இடுகாட்டுக்கு அரை ஏக்கர் கொடுப்பது சர்க்கார் வழக்கம். இந்துக்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கும் கொடுத்தாகிவிட்டது. நாத்திகர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை! நாத்திகம் ஒரு சமயம் என்று நிரூபித்துவிட்டால் அரை ஏக்கர் வரும். அதைப் பராமரிக்கப் பொறுப்பான சபை ஒன்று வேண்டாமா? ஆலய பரிபாலன சபை இருக்கவே இருக்கிறது. நாத்திகர்கள் செத்து வந்து சேரும்வரை நிலத்தைச் சும்மா போடலாமா? தென்னை வைக்கலாம்.

அன்றிலிருந்து கோயில் சபையைப்போல நாத்திகத்துக்காகப் பாடுபட்டவர்கள் இந்த நாட்டில் இல்லை. நாத்திகத்தின் தொன்மை பற்றித் தலைவர் ஒரு சொற்பொழிவே செய்தார். கடவுளுக்கு முந்தியது நாத்திகம். ஏனென்றால் கடவுள் வருவதற்கு முன்பு அவர் இல்லை அல்லவா? ஆனால் விண்ணப்பத்தில் கைநாட்டுப் போட ஒரு நாத்திகன் வேண்டும். ஊரில் இருந்ததோ ஒருவன்.

அவனை லயத்தில் வந்து பார்த்தார் தலைவர். "நீர்தான் இந்தச் சமயத்துக்கு மூப்பர். ஒரு விரலை வையும், போதும்."

"வச்சா பேச்சி பக்கத்துல என் எடம்?"

"அது இந்துக்களின்ரை இடமல்லோ! உமக்கு அரை ஏக்கர் வருது, நீர் ஆறடிக்கு அழுகிறீர்."

அவர் போன சூட்டோடு சதாசிவம் வந்தார். தோளில் மஞ்சள் துணி. "அவர் பேச்சக் கேக்காத. ஒரே ஒரு காவடி எடு. எடம் ஒனக்குத்தான். துணிகூட நானே இனாமாத் தர்றேன்." சதாசிவம் இனாம் என்ற சொல்லை உச்சரித்ததை லயத்தில் பலர் கேட்டார்கள், ஆனாலும் வெளியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அடுத்த வீட்டு வெள்ளையம்மா எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாமி இருக்கு, இல்ல, அதெல்லாம் கெடக்கட்டும்ணே. மொதல்ல தின்னுங்க. அப்புறம் பேசாம அந்தக் காவடியத் தூக்கிட்டுப் போங்க. சாமி இல்லன்னா அது வெறும் கட்டதானே? ரோட்டுல சுமக்காத கனமா?"

அவள் சொன்னதில் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. அர்ச்சுனன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான்.

"கனமில்லமா. தூக்கிருவேன். தூக்கிட்டு நேரா அவகிட்டப் போயி உக்காரணுமே. 'என்ன மூஞ்சி இப்படி இருக்கு'ன்னு கேப்பா. கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்து வேலைன்னு சொன்னாலே வாசப்படியில புடிச்சிருவா. இவ்வளவு பெரிய பொய்ய வச்சிக்கிட்டு அவகிட்ட என்னத்தப் பேசறது?"

"அலமாக்! அவதான் இல்லங்கிறீங்க, கேக்க மாட்டாங்கிறீங்க. அப்புறம் யாருண்ணே புடிக்கிறது?"

"அவ இல்லதான். எனக்குத் தெரியும். ஆனா பொய் சொல்லிட்டுப் போனா, நானும் இல்லாமப் போயிருவேன்."

வெள்ளையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். மறுநாள் அர்ச்சுனன் நில ஆபீஸுக்குப் போய் விரலை வைத்தான். அங்கேயிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலைக்குப் போனான். அன்று பரப்பிய கல்லெல்லாம் கோணலாகக் கிடக்கிறது என்று கங்காணி ஏசினான்.

அந்தத் தைப்பூசத்தில் பக்கத்து ஊரும் சுங்கை மெராந்தியும் சமமாகப் போயின. ஊரே துக்கம் காத்தது. ஆனால் தலைவர் முகத்தில் மட்டும் களை. சர்க்கார் நிலம் ஒதுக்கிவிட்டது. ஒரே காவல்காரன் இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று, தலைவர் அதை இந்து இடுகாட்டை ஒட்டியே கேட்டு வாங்கியிருந்தார். பேச்சியம்மாளுக்கு அந்தப் பக்கத்துக் காடுதான் நாத்திகர் இடுகாடு!

அர்ச்சுனன் செதுக்கி வைத்திருந்த இடம் எந்தப் பக்கம்? நிலம் அளந்த ஆபீஸ் பையன் தெளிவாகச் சொன்னான், நாத்திகர் பக்கம்தான் என்று. பொய்யும் சொல்லவில்லை, இடமும் போகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெற்றிலை போட்டுக்கொண்டான்.

நாத்திகர் இடுகாட்டுக்கு நல்ல நாள் பார்த்து, பூமி பூஜையோடு திறப்பு விழா நடந்தது. எமகண்டம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் பதறினார். காட்டு யானை வராமலிருக்க மூலையில் ஒரு பிள்ளையார் வைத்தார்கள். அர்ச்சனைக்கு யார் பேர் சொல்வது என்று குருக்கள் கேட்டார். சமய மூப்பர் பேர் என்றார்கள். மூப்பர் கழுத்தில் மாலை விழுந்தது. தலைவர் பேசினார்.

"மூப்பரே! உமது சமயம் பெருக வேணும் எண்டு எல்லாம் வல்ல முருகனை வேண்டுறன்."

எல்லாம் முடிந்து வேலி போடும்போதுதான் சதாசிவத்துக்கு உறுத்தியது. "தலைவரே, இந்துப் பொணமும் நாத்திகப் பொணமும் இப்படித் தோளோட தோளாப் படுத்தா சமயத்துக்கு இழுக்கில்லையா? நடுவுல எடைவெளி வேணுங்க."

தலைவருக்கு இரண்டாகப் பிரிப்பது என்றால் கேட்க வேண்டுமா? உடனே இரண்டு வேலி போட உத்தரவானது. பேச்சியம்மாளை ஒட்டி ஒரு முள்கம்பி வேலி. ஆறடி தள்ளி இன்னொன்று. நடுவில் இருந்த ஆறடி, அர்ச்சுனன் தனக்கென்று செதுக்கி வைத்த அதே இடம்.

அவன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றான்.

"ஐயா, நடுவுல கெடக்கே, அது யாருக்குங்க?"

"ஒருத்தருக்கும் இல்லை. இரண்டு சமயமும் முட்டுப்படாமல் விட்டிருக்கிறம்."

"அதுல உக்காரலாமுங்களா?"

சோமசேகரம் குடையை ஊன்றிக்கொண்டு ஆழ்ந்து யோசித்தார். "உக்காரலாம் எண்டும் சட்டம் இல்லை. உக்காரக் கூடாது எண்டும் இல்லை. அடுத்த கூட்டத்திலை பாப்பம்."

அடுத்த கூட்டம்வரை அவன் காத்திருக்கவில்லை. எல்லாரும் பொங்கல் பிரசாதம் வாங்கிக்கொண்டு போனதும், சட்டை கிழிய முள்கம்பிக்குள் நுழைந்து, யாருக்கும் சொந்தமில்லாத அந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். கம்பிக்குள் கையை விட்டால் அவள் மண்ணைத் தொட முடிந்தது. சுற்றிப் பார்த்தான். குடை எதுவும் இல்லை.

"பேச்சி" என்றான். "என்னய ஒரு மதத்துக்கே தலைவராக்கிட்டாங்க, பேச்சி. ஆளு நான் ஒருத்தன்தான். மாலையெல்லாம் போட்டாங்க. எனக்குக் காவலுக்குப் புள்ளையாரு."

அவள் இருந்திருந்தால், மாலை என்று சொல்லும்போதே தொடங்கியிருப்பாள். பிள்ளையார் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டு வேலிக்கு நடுவே சிரித்துக்கொண்டே இருந்தான். ஆனால் கூடச் சிரிக்க ஆளில்லாத சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? அது நின்றுபோனது. அவன் கையை மட்டும் கம்பிக்குள்ளிருந்து எடுக்கவில்லை.